ஆறு பதினாலு

பாலத்தின் நடுவில் பஸ் நின்று பத்து நிமிடம் ஆகிறது. நின்றால் நிற்கட்டும், எனக்கு என்ன அவசரம், பூசை ஆறு மணிக்குத்தான், இப்போது நாலேகால்கூட ஆகவில்லை. ஆனால் அவசரமில்லை என்று சொல்லிக்கொள்கிற ஆள் நிமிடத்துக்கு ஒருதரம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பானேன். போன் அங்கேதான் இருக்கிறது, கால் முளைத்தா போகும். ஜன்னலோரத்துப் பெண்மணி மடியில் ஒரு சாக்குப்பை நிறையக் கறிவேப்பிலை வைத்திருக்கிறாள், அந்த வாசனை டீசல் வாசனையோடு சேர்ந்து பஸ் முழுக்க அடிக்கிறது. "சார், கம்பியப் புடிச்சுக்கிட்டு உள்ள போங்க" என்கிறான் கண்டக்டர். உள்ளே இடமிருந்தால் நான் ஏன் உன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு இங்கே நிற்கிறேன் என்று சூசையாக இருந்தால் கேட்டிருப்பான், நான் கேட்கவில்லை, எனக்கு எப்போதும் கேட்க வேண்டியது வீட்டுக்குப் போனபிறகுதான் வாயில் வரும். சூசை செத்து இன்றோடு முப்பது நாள். ஆறாம் வகுப்பில், குள்ளப் பையனெல்லாம் முன்பெஞ்சுக்கு வா என்று வாத்தியார் சொன்னபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சூசைநாதன், ஐம்பத்தெட்டு வருஷம் எழுந்து போகவில்லை. இன்று பாலக்கரை மாதா கோயிலில் அவன் பேரில் முப்பதாம் நாள் பூசை. நேற்று அவன் பெண்டாட்டி பிலோமினா போன் பண்ணினாள். "வைத்தியண்ணே, கூட்டத்தோட கூட்டமா வராதீங்க. முன்னாடியே வீட்டுக்கு வந்துருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், முப்பது நாளாத் தொண்டையிலயே நிக்குது." எனக்கும்தான் அவளிடம் ஒன்று கேட்க வேண்டும். அதுவும் முப்பது நாளாகத் தொண்டையிலேயே நிற்கிறது. அவள் சொல்லப்போவதும் நான் கேட்கப்போவதும் ஒன்றாகத்தான் இருக்கும், வேறென்ன இருக்க முடியும், அதனால்தான் மதியம் என் வீட்டுக்காரி மரகதம் போட்ட சோற்றில் பாதியை வைத்துவிட்டேன். மோர் வேண்டாமா என்றாள். வேண்டாம் என்றேன். எல்லாவற்றுக்கும் வேண்டாம்.

கேட்க வேண்டியது ஒரே வரிதான்: அன்றைக்குக் காலை ஆறு பதினாலுக்கு எனக்கு மணி அடித்தது யார். கேட்டுவிட்டால் முடிந்தது. ஆனால் எவன் கேட்டாலும் இதில் என்ன இருக்கிறது என்பான். எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும் அதில் என்ன இருக்கிறது என்று, அதில் ஒருத்தன் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் பாலக்கரையை விட்டு ஆனைக்காவுக்கு மகள் வீட்டோடு வந்துவிட்டேன், அதே வருஷம் சூசைக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்து பிழைத்தான். அதுவரை எதிரெதிர் வீடு. ஜன்னலைத் திறந்தால் அவன் பல் விளக்குவது தெரியும். பிரிந்த புதிதில் தினமும் காலையில் போனில் பேசிப் பார்த்தோம், இரண்டே வாரத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது, இட்லியா தோசையா என்று இரண்டு கிழவன்கள் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். "தெனம் என்னத்தடா பேசறது" என்றான் ஒருநாள். "காலைல ஆறு பத்துக்கு ஒரே ஒரு மணி அடிச்சு வச்சிடறேன். இருக்கேன்னு அர்த்தம். நீயும் திருப்பி ஒரு மணி அடி. எடுத்துக் கிடுத்துத் தொலைக்காத. மூணு தடவைக்கு மேல அடிச்சா விஷயம் இருக்குன்னு அர்த்தம், அப்ப எடு." "அடிக்கவே இல்லன்னா?" என்றேன். "அடிக்கலன்னா மாலை வாங்கிட்டு வா." மில்லில் டைம் ஆபீசில் இருந்தவன், முப்பத்தைந்து வருஷம் ஷிப்டுக்குச் சங்கு ஊதிய கை அது. அதே மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேமுக்குப் பிட்டராக இருந்த நான் இரண்டு நிமிடம் தாமதமாகப் போனால் சிநேகிதன் என்றும் பார்க்காமல் சிவப்பு மையில் போடுவான், சாயங்காலம் டீ வாங்கித் தருவான். அப்படிப்பட்டவன் ஆறு பத்து என்றால் ஆறு பத்துதான். பன்னிரண்டு வருஷம், மழை, வெள்ளம், அவன் மகன் கல்யாணம், அவன் கண் ஆபரேஷன், ஒரு நாள் தப்பவில்லை. மரகதம் அடுப்படியிலிருந்து "உங்க சங்கு ஊதிருச்சு" என்பாள்.

அன்றைக்கு ஆறு பதினாலு. நாலு நிமிடம் தாமதம். அந்த நாலு நிமிடத்தை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பாவம், கவனித்தேன், கவனித்துவிட்டுச் சிரித்தேன். சூசைக்கும் வயசாச்சு, நாளைக்குச் சிவப்பு மையில் போடணும் என்று நினைத்தேன், வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடுகிற டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிக் கிண்டல் பண்ண வேண்டும் என்று வாக்கியத்தைக்கூடத் தயார் பண்ணி வைத்தேன். அந்த வாக்கியம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, யாரிடம் கொடுப்பது. சரி, எத்தனை மணி அடித்தது. ஒன்று. ஒன்று என்றுதான் காதில் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் மரகதம் மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சி நின்றது, ஒரு மணி கேட்டது, அடங்கியது. மிக்சி நிற்பதற்கு முன்னால் எத்தனை அடித்தது என்று யார் கண்டார்கள். நாலாக இருக்கலாம். ஆறாக இருக்கலாம். கட்டிலிலிருந்து இறங்க முடியாமல், பிலோமினாவைக் கூப்பிடக் குரல் வராமல், கைக்கு எட்டிய போனை எடுத்து, கைப்பழக்கத்தில் என் நம்பரை அழுத்தி, எடுடா எடுடா என்று காதில் வைத்துக்கொண்டு கிடந்திருக்கலாம். நான் என்ன செய்தேன், நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, திருப்பி ஒரு மணி அடித்து வைத்தேன். இருக்கேன் என்று. அவன் சாகிறான், நான் இருக்கேன் என்கிறேன். இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு கொஞ்சம் நின்று போகிறது, இப்போதும் நின்றது, கறிவேப்பிலைப் பெண்மணி நிமிர்ந்து பார்க்கிறாள். "உக்காருறீங்களா ஐயா?" வேண்டாம்மா. அப்புறம் பேப்பர் படித்தேன். நகம் வெட்டினேன். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு நாலு இட்லி தின்றேன், சட்னி நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னேன். ஒன்பது மணிக்கு அவன் மகன் ஜெரோம் போன் பண்ணி "அங்கிள், அப்பா போயிட்டாரு" என்றபோது எங்கே போனான் என்று கேட்டேன். மணி அடித்துவிட்டானே, அடித்தவன் எப்படிச் சாவான்.

எப்போது செத்தான் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை, அதுதான் வேடிக்கை. ஊருக்கே நேரம் சொன்னவன் போன நேரம் தெரியவில்லை. சவத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அஞ்சரை இருக்கும்" என்றான் எதிர்வீட்டுக்காரன், நான் இருந்த வீட்டில் இப்போது இருப்பவன். "இல்லங்க, ஆறரைக்குத்தான் அழுகச் சத்தம் கேட்டுச்சு" என்றாள் இன்னொருத்தி. டாக்டர் சீட்டில் ஏழு என்று எழுதியிருந்தது, டாக்டர் வந்ததே ஏழுக்குத்தான். அஞ்சரை என்றால் ஆறு பதினாலுக்கு அடித்தது அவன் இல்லை. ஆறரை என்றால் அவன்தான். பிலோமினாவிடம் அன்றைக்கே கேட்டிருக்கலாம். புருஷனைப் பெட்டியில் வைத்துவிட்டு நிற்கிறவளிடம் எத்தனை மணிக்கு என்று கேட்பவன் மனுஷனா. ஏழாம் நாள் கேட்டிருக்கலாம். போனேன், வாசல்வரை வந்து காபி கொடுத்தாள், டம்ளரைக் கொடுக்கும்போது என் முகத்தையே பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் சர்க்கரை போடலையே என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். எனக்குத் தெரியும் அவள் என்ன சொல்ல வந்தாள் என்று. அண்ணே, அவரு உங்களத்தான் கூப்பிட்டாரு. அண்ணே, கையில போனோடதான் கெடந்தாரு. அண்ணே, ஒரு தடவ எடுத்திருக்கக் கூடாதா. இந்த மூன்றில் ஒன்று. இரவெல்லாம் மூன்றையும் அவள் குரலிலேயே சொல்லிப் பார்த்தாகிவிட்டது. மூன்றாவதுதான் தாங்காது.

போனை எடுத்துப் பார்க்கலாம், ஒரு கை கம்பியில் இருந்தாலும் இன்னொரு கை சும்மாதானே இருக்கிறது. இது பட்டன் போன். மகள் பெரிய போன் வாங்கித் தருகிறேன் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள், நான் மாட்டேன் என்றேன். எடுக்காமல் விட்ட அழைப்புகளில் கடைசி இருபதைத்தான் இது ஞாபகம் வைத்துக்கொள்ளும், இருபத்தொன்று வந்தால் பழையது ஒன்று விழுந்துவிடும். அது தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு அழைப்பையும் விடுவதில்லை. குளிக்கும்போது சோப்புக் கையோடு எடுக்கிறேன். லோன் வேணுமா சார் என்று கேட்கிற பெண்பிள்ளைகளிடமெல்லாம் சாப்பிட்டியாம்மா என்று விசாரிக்கிறேன். "எடுக்கவே மாட்டீங்க, இப்ப மொத மணியிலயே எடுக்குறீங்களே, யாரு அவ" என்று மரகதம் கேட்கிறாள், அவளுக்கு விஷயம் தெரியாது, தெரிந்தால் சட்னியை நினைத்து அவளும் தூங்க மாட்டாள். அப்படியும் தூக்கத்திலும் சார்ஜ் போட்ட நேரத்திலும் ஒன்றிரண்டாகத் தப்பி, பட்டியலில் அவன் பெயர் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. போன வாரம் பதினேழு. நேற்று பத்தொன்பது. இன்று காலை கேஸ்காரன் அடித்ததை விட்டுவிட்டேன், இருபது. கடைசி வரி. சூசை, ஆறு பதினாலு. நேரம் மனப்பாடமாகத் தெரியும், காலண்டரிலும் குறித்து வைத்திருக்கிறேன், பட்டியல் போனால் என்ன என்று அறிவு கேட்கிறது. அறிவுக்கு என்ன. அவன் பெயர் கடைசியாக இருக்கிற இடம் அது. இது எனக்கே கொஞ்சம் பைத்தியமாகத்தான் படுகிறது, மில்லில் கழிவுப் பஞ்சைச் சட்டைப்பையில் சேர்த்து வைத்துக்கொள்வானே ஒரு கிழவன், அவனைப் பார்த்து நானும் சூசையும் எத்தனை சிரித்திருப்போம்.

பஸ் நகர்கிறது. கீழே காவேரியில் மணல்தான் அதிகம், ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். இடது தோளில் வலிக்கிறது, கம்பியைப் பிடித்ததால்தான், கம்பியைப் பிடித்ததால்தானே, வலது கையால் பிடித்தால் தெரிந்துவிடும், மாற்றிப் பிடித்தேன், இப்போது இரண்டு தோளும் வலிக்கிறது. கடைசி ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் சூசை நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தான். "வாயுடா" என்றான். "வாயுன்னா ஓமத்தண்ணி குடி, அதுக்கு ஏன் மாதா சொரூபம் மாதிரி நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்க" என்றேன். சிரித்தான். வடையில் பாதியை என் தட்டில் வைத்தான். சூசை தன் பங்கு வடையை ஒருநாளும் கொடுத்தவன் இல்லை. அதையும் கவனித்தேன், கவனித்துத் தின்றேன். எல்லாவற்றையும் கவனிக்கிறேன், ஒன்றும் புரிந்துகொள்வதில்லை, இதுதான் என் ஜாதகம். சத்திரம் ஸ்டாண்டில் ஒரு கூட்டம் ஏறுகிறது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், பைகள், ஒருத்தன் டிபன் பாக்ஸ் என் விலாவில் குத்துகிறது, இரண்டு கையும் மேலே கம்பியில், அப்போது அடித்தது. போன். சட்டைப்பையில், நெஞ்சுமேல், அதிர்ந்து அதிர்ந்து அடிக்கிறது. கையை இறக்க முடியவில்லை, எவனோ என் முழங்கையோடு சேர்த்து நசுக்கிக்கொண்டு நிற்கிறான். "தம்பி, கொஞ்சம் தள்ளு. தம்பி. போன் எடுக்கணும்." "எங்க சார் தள்றது." இரண்டு. மூன்று. "ஐயா நகருங்க, எடுக்கணும்யா, எடுக்கணும்." நாலு, ஐந்து. கத்திவிட்டேன் போலிருக்கிறது, பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு பெண் பாவம் என்றாள். ஏழாவதில் கை இறங்கியது, பையைத் தொட்டது, அடங்கிவிட்டது. எடுத்துப் பார்த்தேன். மேலே மரகதம். கீழே கேஸ்காரன், பெயரில்லாத நம்பர், மகள், பெயரில்லாத நம்பர். கடைசிவரை அழுத்திக்கொண்டே போனேன். கடைசியில் எங்கள் தெரு இஸ்திரிக்காரர். சூசை இல்லை. மறுபடி மேலிருந்து பார்த்தேன். இல்லை. திரும்பக் கூப்பிட்டேன். "பஸ்ஸு கெடச்சுதான்னு கேக்கலாம்னு அடிச்சேங்க" என்றாள் மரகதம். கிடைத்தது என்றேன். "என்ன கொரல் ஒரு மாதிரி இருக்கு?" கூட்டம் என்றேன். அவள்மேல் கோபம் வந்தது, முப்பத்தொன்பது வருஷத்தில் வராத கோபம், பஸ் கிடைத்ததா என்று கேட்டதற்கு. பாலக்கரையில் இறங்கும்வரை அது இருந்தது, இறங்கியதும் அதுவும் இல்லை.

இனி பிலோமினா மட்டும்தான். தெருமுனை மளிகைக்கடை, மாவு மில், சுவரில் அவன் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி வெயிலில் வெளுத்து ஒரு மூலை கிழிந்து தொங்குகிறது, அதில் கோட்டுப் போட்டிருக்கிறான், வாழ்க்கையில் கோட்டே போடாதவன், ஸ்டூடியோக்காரன் உபயம். திரும்பிப் போய்விடலாம். நேரே கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் பூசை முடிந்ததும் கூட்டத்தில் நழுவிவிடலாம், தெரியாமலே இருந்துவிட்டால் பாதிக்குப் பாதி நான் குற்றவாளி இல்லை. பாதி போதாதா ஒரு மனுஷனுக்கு. மாவு மில் வாசலில் இரண்டு நிமிடம் நின்றேன். பாதி போதாது, அந்தப் பாதியில்தான் முப்பது நாளாகத் தூக்கமில்லை. "வைத்தியண்ணே, ஏன் அங்கயே நின்னுட்டீங்க" என்று குரல் கேட்டது. வாசலில் பிலோமினா, கோயிலுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையில், இளைத்துப் போய். உள்ளே போனேன். ஜெரோம் கோயிலுக்கு முன்னதாகவே போய்விட்டானாம். சூசையின் நாற்காலி இருந்தது, அதில் உட்காராமல் கட்டிலில் உட்காரப்போய், அவன் செத்த கட்டில் என்பது ஞாபகம் வந்து, எழுந்து, நின்றுகொண்டே இருந்தேன். அவளும் உட்காரவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அன்னிக்குக் காலைல உங்களுக்கு மணி அடிச்சது நாந்தான்." எனக்குக் காது அடைத்தது. "அஞ்சரைக்கு எழுப்பப் போனேன், ஒடம்பு சில்லுனு இருந்துச்சு. ராத்திரி தூக்கத்துலயே போயிருக்காரு. ஜெரோமுக்குச் சொல்லிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். ஆறு பத்தாச்சு. அவரு போனு தலமாட்டுல கெடக்கு. அடிக்கலன்னா நீங்க என்னமோ ஏதோன்னு பதறிருவீங்க. பேசுனா எனக்கு அழுக வந்துரும், நீங்க ஊசியப் போட்டுக்கிட்டு ஒண்ணும் சாப்பிடாம அப்படியே பஸ் ஏறிருவீங்க. உங்க அக்கா செத்தன்னிக்கு இப்படித்தான ஸ்டாண்டுல மயங்கி விழுந்தீங்க, இவருதான சர்க்கரைய வாயில போட்டாரு. கையில வச்சுக்கிட்டே நாலு நிமிஷம் யோசிச்சேண்ணே. அப்புறம் ஒரே ஒரு மணி அடிச்சு வச்சுட்டேன். ஒம்பது மணிக்கு உங்களுக்குச் சொல்லச் சொன்னதும் நாந்தான், அதுக்குள்ள சாப்பிட்டிருப்பீங்கன்னு. போன வாரம் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன், செத்தவரு பேருல பொய் மணி அடிச்சுட்டேன் சாமின்னு. சாமியாரு மன்னிச்சுட்டாரு. நீங்க என்ன சொல்வீங்களோன்னுதான்." முந்தானையை விரலிலிருந்து பிரித்தாள். "நீங்க திருப்பி அடிச்சீங்கல்ல. தெனமும் முழிச்சுக் கெடந்து, அது அடிச்சாத்தான் எந்திரிச்சுக் காபி கேப்பாரு. நான் அவரு மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்."

நான் எதையோ பிடித்துக்கொண்டேன், அவனுடைய நாற்காலி முதுகு. முப்பது நாளாக நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தது எழுந்து போயிற்று, உண்மையாகவே எழுந்து போயிற்று, மூச்சு அடிவயிறுவரை இறங்கியது. மிக்சி ஒன்றும் மறைக்கவில்லை. கையில் போனோடு கிடக்கவில்லை. எடுடா எடுடா என்று சொல்லவில்லை. என்மேல் தப்பில்லை, பிலோமினா, நீ என் வயிற்றை நினைத்தாய், உன் கையை எடுத்துக் கும்பிட வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "அப்ப அவன் என்னைக் கூப்பிடல" என்றுதான் வந்தது. "இல்லண்ணே. யாரையும் கூப்பிடல. வலிச்ச மாதிரியே மொகத்துல இல்ல." நல்ல சாவு. எல்லோரும் கேட்கிற சாவு. சந்தோஷப்பட வேண்டியதுதானே. முப்பது நாளாக ஒவ்வொரு ராத்திரியும் அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், எடுக்காத பாவியாக நான் செத்துக்கொண்டே இருந்தேன், ஆனால் அவனுடைய கடைசி நிமிடத்தில் நான் இருந்தேன், பிலோமினா இல்லை, ஜெரோம் இல்லை, நான். இப்போது அதுவும் இல்லை. ராத்திரி படுத்தான், தூங்கினான், போய்விட்டான். ஐம்பத்தெட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போகும்போது என்னை ஒருதரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிலோமினா தண்ணீர் கொண்டு வரட்டுமா என்று கேட்டது காதில் விழுந்தது. பெட்டியில் அவனைப் பார்த்தபோது வராத அழுகை, மண் போட்டபோது வராத அழுகை, இப்போது வந்தது, அவள் முன்னால், வெட்கமில்லாமல். "கூப்பிட்டிருக்கலாமேடா" என்றேன் வாய்விட்டு. "ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமேடா சூசை."